ஒற்றைக் கோடு

ஜனவரி 3, புதன்

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஏறிப் போகும்போது பின் பிரேக் கீச்சென்றது. மெக்கானிக் வீட்டு ஸ்கூட்டரே இந்த லட்சணமா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அந்தப் பணம் பெரியம்மாவின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. பெரியம்மா என்பது எங்கள் வண்டி. முப்பது வருஷத்துப் பழைய செடான், பின்சக்கரம் இழுக்கிற ரகம், பின்னால் நல்ல அகலம். அண்ணன் வைத்த பெயர். அண்ணிக்கு மட்டும் பிடிக்காது, அவருக்கு நிஜமாகவே அகலமான ஒரு பெரியம்மா இருக்கிறார்.

போன வருஷம் கால் மைல் கார்ப் பந்தயத்தில், புறப்படும் இடத்திலேயே ஆக்சில் முறிந்து பெரியம்மா உட்கார்ந்துவிட்டாள். என்ஜினுக்கு டர்போ வைத்துப் பலத்தை ஏற்றிய நாங்கள், ஆக்சிலைப் பழையபடியே விட்டிருந்தோம். மைக் பிடித்திருந்தவன், "ஜீவி அம்மிணி கியரு எங்க இருக்குன்னு தேடறாங்களாட்ட இருக்குதுங்கோ" என்றான். கூட்டம் சிரித்தது. முறிந்தது ஆக்சில், என் புத்தி இல்லை என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? பல் விளக்கும்போதுகூட அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது.

இந்த வருஷம் பிப்ரவரி 25. பெங்களூர் டீம் ஒன்று பார்க்க வருகிறது. எங்கள் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களைக் கூப்பிட்டுத் தங்கள் வண்டியை ஓட்டவைப்பார்கள். பிடித்திருந்தால் சம்பளத்துக்கு டிரைவர். முப்பத்தொரு வயதைத் தாண்டியவர்களைப் புதிதாக எடுக்க மாட்டார்கள். எனக்கு ஜூன் வந்தால் முப்பத்திரண்டு.

அதனால் ஸ்கூட்டர் போனது போனதுதான்.

ஜனவரி 9, செவ்வாய்

கணபதி லேத் பட்டறையில் கடைசல் முடித்து, பீளமேட்டில் சூடேற்றிப் பதப்படுத்திய புது ஆக்சில்கள் கிடைத்தன. ஸ்கூட்டர் இல்லையே, டவுன் பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்ததை கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"என்னங் அம்மிணி இது, ஒலக்கையா?"

"ஆமாங்."

"ரெண்டு எதுக்குங்?"

"ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு வேணுமில்லீங்?"

அவர் கொஞ்சம் தள்ளி நின்றே டிக்கெட் கொடுத்தார்.

ஜனவரி 12, வெள்ளி

இன்று மாட்டி முடித்தோம். நான் சந்தோஷமாக இருக்கிறேன், அதை எழுதிவிட வேண்டும்.

என்ஜின் பலத்தைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு சோம்பேறி. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுழல்கிறதோ அதற்கே பலத்தையெல்லாம் கொடுத்துவிடும், மற்றது வேடிக்கை பார்க்கும். அழுத்திக் கிளப்பினால் தரையில் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் விழும். இப்போது வாங்கியிருப்பது உள்ளே பிளேட்டுகள் வைத்தது. அது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். இரண்டு கோடு விழும். இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் ஸ்கூட்டரை விற்றேன்.

எங்கள் சிங்காநல்லூர் ஒர்க்ஷாப்பில் என்ஜின் அண்ணன் பொறுப்பு, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் எல்லாம் என் பொறுப்பு. இன்று அண்ணன் எனக்கு லைட் பிடித்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி சரியாக வரும்வரை கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, "பாப்பா, நீ மாட்டறதுக்குள்ள தை போயி மாசி வந்துரும்" என்று கேலி வேறு. கடைசியில் ஹௌசிங்கை மூடி, சுற்றியிருக்கும் போல்ட்டுகளை முடுக்கி, ஒவ்வொரு போல்ட் மேலும் ஹௌசிங் வரை நீளும்படி என் நிறத்தில் ஒரு கோடு இழுத்தேன், போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

என் நிறம் மெரூன். அண்ணியின் பழைய நெயில் பாலிஷ். அண்ணனுக்கு மஞ்சள் பெயிண்ட். இது எங்கள் கடைச் சட்டம்: யார் முடுக்கினார்களோ அவர்கள் நிறம், அந்த நிறம் இருக்கிற போல்ட்டை அடுத்தவர் தொடக் கூடாது. மூடியவர்தான் திறக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம், அவர் முடுக்கியிருப்பார் என்று நானும் நான் முடுக்கியிருப்பேன் என்று அவரும் விட்ட ஒரு சக்கரம், அவினாசி ரோட்டில் எங்களை முந்திக்கொண்டு தனியாகப் போனது.

சாயங்காலம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலி ரோட்டில் ஓட்டினேன். கிளட்ச்சை விட்டதும் இடுப்பில் யாரோ எட்டி உதைத்த மாதிரி கிளம்பினாள் பெரியம்மா. திரும்பி வந்து பார்த்தால் தார் ரோட்டில் இரண்டு கோடு. அண்ணன் செல்போனில் நேரம் பார்த்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "பெங்களூரு சீட்டு உனக்குத்தான் பாப்பா" என்றார்.

மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று சத்தம். பிளேட் வைத்தது அப்படித்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். காங்கேயத்தில் அண்ணி வீடு. நிஜப் பெரியம்மாவைப் பார்த்து அண்ணனும் நானும் சிரித்து, அண்ணியிடம் திட்டு வாங்கினோம்.

ஜனவரி 20, சனி

ரித்விக்கின் சிவப்பு வண்டி படுத்துவிட்டது. ரித்விக் மில்லுக்காரர் சென்னியப்பனின் மகன். இருபத்து நாலு வயது, நல்ல பையன், வண்டியை மட்டும் மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டுவான். அவன் வண்டியையும் அண்ணன்தான் கட்டினார். பெரியம்மாவுக்கு வைத்த அதே மாதிரி பின்பக்கம், அதே மாதிரி டிஃபரன்ஷியல். அவனும் என் பிரிவில்தான் ஓடுகிறான். நேற்று ஓட்டிப் பார்த்ததில் உள்ளே பிளேட்டுகள் நொறுங்கிவிட்டன. திறந்து பார்த்தேன், மிக்சியில் போட்ட மாதிரி இருக்கிறது.

சென்னியப்பன் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்து, "நந்து, மில்லு வண்டி அம்புட்டும் உங்க கைக்கு வரோணும்னு நெனச்சுட்டு இருக்கறனுங்க. பையன் இந்தத் தடவ செயிச்சுப் போட்டான்னா எனக்கும் சொல்றதுக்கு நல்லா இருக்கும் பாருங்க" என்றார். டீயைக் குடிக்காமலே போனார்.

புதிது இறக்குமதிக்கு ஆறு வாரம் ஆகுமாம். அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜனவரி 24, புதன்

மூன்று நாளாகச் சென்னையில் புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன். ரித்விக் வண்டிக்கு ஒரு டிஃபரன்ஷியல் தேடித்தான். "பின்பக்கம் உன்னைவிட யாருக்குத் தெரியும், நீ போனாத்தான் ஆகும்" என்று அண்ணன் அனுப்பினார். கடை கடையாகக் குனிந்து இடுப்பு போய்விட்டது. எங்கேயும் கிடைக்கவில்லை.

இன்று காலை அண்ணன் போன். "பரவால்ல பாப்பா, வந்துரு. ஓசூர்ல ஒருத்தர்கிட்டக் கெடச்சிருச்சு. மாட்டியும் போட்டேன்."

முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கோபத்தில் ரயிலில் இரண்டு வடை அதிகம் தின்றேன்.

ஜனவரி 25, வியாழன்

காலையில் டிபன் சாப்பிடும்போது பார்த்தால் அண்ணனின் கட்டைவிரல் நகத்தில் மெரூன்.

"என்னங்ண்ணா, உங்களையப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றேன்.

"ஒன்ற டூல்ஸ் பெட்டிய ஒதுங்க வெச்சேன். பாட்டலு சாஞ்சிருச்சு" என்றார்.

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார், சிரிக்கவில்லை. பிறகு நான் கேட்காமலே இன்னொரு நெய்த் தோசை வைத்தார். இருவருக்கும் ஏதோ சண்டை போலிருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

ஓட்டிப் பார்த்தேன். சரியில்லை. கிளம்பும்போது இழுவையே இல்லாமல் புகை மட்டும் வருகிறது. ஜனவரி 12-ல் வந்த நேரத்தைவிட ரொம்ப மோசம்.

அண்ணன் ஜன்னலில் கை ஊன்றி நின்று யோசித்தார். "கால்ல அவசரம் பாப்பா. கிளட்ச டக்குன்னு உடற. மூணு நாளு ரயில்லயும் ரோட்லயும் அலஞ்ச களைப்பு."

இருக்கும்.

திரும்பும்போது வருகிற கடகட சத்தம் இப்போது இல்லை. புது ஆயிலில் பிளேட் நன்றாக ஊறிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்றும் அதே கதை. கால்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மெஷினைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வைத்து, இடது காலால் அழுத்தி, முள் மெதுவாகச் சீராக இறங்குகிற மாதிரி விட்டுப் பழகுகிறேன். சமையல் முடிகிறவரை இதே வேலை. அண்ணி பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வருசம் உட்டுப்போடேன் கண்ணு" என்றார் திடீரென்று.

"ஏனுங்ண்ணி?"

"காலு வீங்கிக் கெடக்குது பாரு. எல்லாம் என்னத்துக்கு?"

நான் ஏதோ கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் என் முழங்காலுக்கு எண்ணெய் சுட வைத்துக் கொண்டுவந்து தேய்த்தார். ராத்திரிக்குப் பள்ளிபாளையம் சிக்கன். இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. அண்ணிக்கு என்மேல் திடீர்ப் பாசம், காரணம் தெரியவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ரோட்டில் ஒரு கோடுதான் விழுகிறது. வலது பக்கம் மட்டும்.

ரோடு ஒரு பக்கம் சரிவு, அதனால் இருக்கலாம். இடம் மாறி எதிர்த் திசையில் ஓட்டினேன். அப்போதும் வலது சக்கரம்தான் சுழன்றது. டயர் காரணமாக இருக்கலாம் என்று இரண்டையும் மாற்றிப் போட்டேன். அப்படியும் வலதுதான்.

வண்டிக்கு அடியில் போய் லைட் அடித்துப் பார்த்தேன். எல்லா போல்ட்டிலும் மெரூன் கோடு உடையாமல் இருக்கிறது. நான் மூடியது, நான் கோடு போட்டது. அப்புறம் என்ன? என் நிறத்தைத் தாண்டிச் சந்தேகப்படுவதென்றால் யாரைச் சந்தேகப்படுவது? இங்கே இருப்பதே இரண்டு பேர்.

அண்ணனிடம் ஒரு கோடு விழுவதைச் சொன்னேன். "பிளேட்டு இறுக்கமா இருந்தாலும், நீ ஜெர்க்கா உட்டீன்னா ஒரு சக்கரம் எகிறத்தான் செய்யும்" என்றார். நான் தலையாட்டினேன். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார், நான் தலையாட்டுகிறேன்! என் நிலைமை அந்த அளவுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 14, புதன்

அண்ணன் இன்று ரொம்பப் பொறுமையாக இருந்தார். வேலையையெல்லாம் விட்டுவிட்டு மத்தியானம் முழுக்க என்னோடு ரோட்டில் நின்றார். ஒவ்வொரு தடவை ஓட்டி வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காத பாப்பா. நீ பயப்படற. போன வருசம் ஒடஞ்சுதில்ல, அது ஒன்ற மனசுல உக்காந்துக்கிச்சு."

நான் பயப்படவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கால் நடுங்குவது தெரிந்தது. ஆமாம், பயப்படுகிறேன் போலிருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்தவள், ஸ்டீயரிங் பிடித்ததும் பயப்படுகிறாள்.

பிப்ரவரி 19, திங்கள்

ரித்விக் வந்திருந்தான். அவன் வண்டி சீறிக்கொண்டு போகிறதாம். "அக்கா, திரும்பறப்ப பின்னாடி கடகடன்னு சத்தம் வருது. ஒங்க வண்டியில முன்னாடி வருமே, அச்சு அசல் அதே மாதிரி. பரவால்லீங்களா?"

"எல்லா பிளேட் டிஃபும் அப்படித்தான் சத்தம் போடும்" என்றேன்.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டிக்குனு ஒரு சத்தம். அது?"

பல் இடைவெளியை மயிரிழை அதிகமாக வைத்தால் அப்படி வரும். நான் அப்படித்தான் வைப்பேன், பழக்கம். ஓசூர்க்காரருக்கும் அதே பழக்கம் இருக்கலாம். இருக்கக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா?

அண்ணன் ரித்விக்கை டீ குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

பெரியம்மாவின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிளேட் இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும், இல்லாவிட்டால் எதிரெதிராக. ஜாக்கி நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. வேறு வேலை இருந்தது. கார்பரேட்டர் ஒன்று கழுவ வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24, சனி

நாளைக்கு. துணி துவைத்தேன். ஹெல்மெட் கண்ணாடி துடைத்தேன். அண்ணி மருதமலை போய் வந்து விபூதி பூசிவிட்டார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

வண்டி உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை. ஒழுங்காகக் கிளம்பி, ஒழுங்காகப் புகை கக்கி, ஒழுங்காகப் பின்தங்கினேன். எங்கள் பிரிவில் ரித்விக் முதல் இடம். நான் ஏழாவது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மைக் பிடித்தவன், "பொம்பளப் புள்ள இந்தளவுக்கு ஓட்டுனதே பெருசுங்கோ, ஒரு கை தட்டுங்கோ" என்றான். தட்டினார்கள். ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார். "நீயும் இந்தக்கா மாதிரி தைரியமா இருக்கோணும்" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

அண்ணன் நாள் முழுக்க சிவப்பு வண்டியிடம் நின்றார். மத்தியானத்துக்கு மேல் பெங்களூர்க்காரர் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். நான் பெரியம்மாவுக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே கை கட்டிய வண்டிதானே, இது ஏன் இப்படிப் போகிறது என்று கேட்டார்.

அண்ணன் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிங்க. எல்லாம் ஓட்டறவங்களப் பொறுத்துங்க."

அந்த ஷூவின் முடிச்சை நான் வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோகிராபர் டெரன்ஸ் போனில் படம் அனுப்பியிருக்கிறார். நான் கிளம்புகிற நொடி, பின்னாலிருந்து எடுத்தது. நல்ல படம். பக்கத்துத் தடத்தில் ரித்விக். அவனுக்குப் பின்னால் தரையில் இரண்டு கறுப்புக் கோடு. எனக்குப் பின்னால் ஒன்று.

பிப்ரவரி 26, திங்கள்

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஜாக்கி வைத்தேன்.

நியூட்ரலில் போட்டு இடது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினேன். வலது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது.

இன்னொரு தடவை சுற்றினேன். நான்கைந்து தடவை சுற்றினேன். அண்ணன் உள்ளே வந்து, பார்த்து, அப்படியே நின்றுவிட்டான்.

ஆயிலை வடித்து, ஆக்சில்களை உருவி, மெரூன் கோடு போட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஓரத்தில் ஆயில் கசியாமல் இருக்கப் போடுகிற பசை வெள்ளையாக இருந்தது. நான் கறுப்புப் பசைதான் போடுவேன். உள்ளே எங்கள் பழைய டிஃபரன்ஷியல், ஜனவரியில் நானே கழற்றி மூலையில் போட்டது. கழுவிக்கூட வைக்கவில்லை.

"ஓசூர்ல யாரு?" என்றேன்.

"பாப்பா, ஒக்காரு, சொல்றேன்."

"என்னுதத்தான அவனுக்கு மாட்டுனே? என்னைய மெட்ராஸ்ல அலைய உட்டுட்டு. என்ற கலர்ல கோடு வேற போட்டு."

அண்ணனை 'நீ' என்று பேசியது இதுவே முதல் தடவை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். சென்னியப்பன் உட்கார்ந்த அதே ஸ்டூல்.

"வேற வழி இல்ல பாப்பா. கடையில ரெண்டு வண்டி, நல்ல டிஃபு ஒண்ணு. அவன் தோத்தா நந்து கட்டுன வண்டி தோத்துப்போச்சும்பாங்க. மில்லு வேல போயிரும், கடை பேரு போயிரும்."

"நான் தோத்தா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு. நான் தோத்தா?"

"நீ தோத்தா… பொம்பளப் புள்ள ஓட்டுனா, அப்படித்தான்னு உட்டுருவாங்க. வண்டிய யாரும் கொற சொல்ல மாட்டாங்க."

இதை அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். கணக்குச் சரிதானே என்று என்னிடமே கேட்பது போல. கணக்குச் சரிதான். நேற்று அப்படியேதான் நடந்தது, கைதட்டல்கூடக் கிடைத்தது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"மாட்டேன்தான். ஸ்கூட்டர வித்து வாங்குனது. குடுத்திருக்க மாட்டேன். அதுக்காக?"

"அடுத்த வருசம் நானே ஒனக்கு—"

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்."

"தெரியும்" என்றான். யோசிக்காமல் வந்த வார்த்தை. வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. "டிஃப எடுத்ததக்கூட உடு. திருடுனேன்னு நெனச்சுக்கறேன். ஒரு மாசமா என்ற காலக் கொற சொன்னியே, அது எதுக்கு? தண்ணி பாட்டலு குடுத்துக் குடுத்துச் சொன்னியே. நான் பயப்படறேன்னு சொன்னியே. நானும் நம்பி, மேஜைக்கடியில காலு வீங்கற வரைக்கும்…"

"வேற என்ன சொல்லச் சொல்ற பாப்பா? வண்டி ஏன் போகலேன்னு நீ கேட்டுட்டே இருந்தே. ஏதாச்சும் ஒண்ணு சொல்லோணுமில்ல?"

ஏதாச்சும் ஒண்ணு. அவனுக்குக் கைக்குக் கிடைத்தது என் கால்.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றார். "எனக்கு அன்னைக்குத்தான் தெரியும் கண்ணு, நகத்தப் பாத்தப்பத்தான். சொன்னா குடும்பம் ரெண்டாயிரும்னு…" என்று ஆரம்பித்தார். நான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். நெய்த் தோசை, சிக்கன், எண்ணெய், விபூதி எல்லாம் என்னவென்று இப்போது தெரிகிறது. தின்றுவிட்டேனே என்று இருக்கிறது.

பிப்ரவரி 28, புதன்

சாப்பிட்டேன். தூங்கினேன். கடைக்குப் போகவில்லை.

மார்ச் 1, வெள்ளி

ரித்விக் போன் செய்தான். எப்படியோ தெரிந்திருக்கிறது. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க்கா. பெங்களூர்ல நான் சொல்லட்டுங்களா?"

"சொல்லு" என்றேன்.

நான் 'பரவாயில்லை தம்பி' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். "அப்பாகிட்டக் கேட்டுட்டு…" என்று இழுத்தான். நான் வைத்துவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

கடைக்குப் போனேன். சிவப்பு வண்டி அங்கேதான் நிற்கிறது. அடியில் படுத்தேன். போல்ட்டெல்லாம் அண்ணனின் மஞ்சள். சட்டப்படி அவன்தான் திறக்க வேண்டும். நான் ஸ்பேனரை வைத்து இழுத்தேன். மஞ்சள் கோடு ஒவ்வொன்றாக உடைந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "என்னங் நந்து, இன்னைக்கு தங்கச்சி வேலையா?" என்று கேட்டார். "ஆமாங்" என்றான்.

உள்ளே என் டிஃபரன்ஷியல். சாயங்காலத்துக்குள் பெரியம்மாவில் ஏற்றிவிட்டேன். மூடி முடுக்கிய பிறகு கை தானாக டூல்ஸ் பெட்டிக்குப் போனது. மெரூன் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டேன். இனி எந்த நிறம் போட்டாலும் நான் அதை நம்பப் போவதில்லை.

மார்ச் 9, சனி

உக்கடத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கடை போட ஒரு ஷெட் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். கூரை ஒழுகும் என்று ஷெட்டுக்காரரே சொன்னார். உண்மையைச் சொன்னதற்காகவே பிடித்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

இன்று பெரியம்மாவைத் தொழிற்பேட்டை ரோட்டுக்கு எடுத்துப் போனேன். கூப்பிடாமலே அண்ணன் பின்னால் பைக்கில் வந்தான். அண்ணியும் பின்னால் உட்கார்ந்து வந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரும்பும்போது கடகட சத்தம் வந்தது. புறப்படும் இடத்தில் நிறுத்தி, கிளட்ச்சை விட்டேன்.

இரண்டு கோடு விழுந்தது.

ஆனால் இடுப்பில் அந்த உதை வரவில்லை. கிளட்ச்சை விடுகிற அந்த நொடியில் கால் ஒரு கணம் யோசித்தது. நீ பயப்படற பாப்பா, என்று காதுக்குள் கேட்டது, கால் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தது. ஜனவரியில் இந்தக் காலுக்கு யோசிக்கவே தெரியாது. டிஃபரன்ஷியலைத் திருப்பி எடுத்துவிட்டேன். இதை எந்த வண்டியின் அடியில் படுத்து எடுப்பது?

திரும்பி வந்தேன். அண்ணன் போனைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "அதே டைமு பாப்பா! ஜனவரில வந்த அதே டைமு!" என்றான்.

அவன் போனை என்னிடம் கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான், அது எனக்குப் புரியாமல் இல்லை. கால்தான் காரணம் என்று பொய் சொன்ன அதே முகம், அதே அக்கறை, அதே பாப்பா. இனி இவன் உண்மையே சொன்னாலும் எனக்கு உதவாது.

"அண்ணி, ஒங்க போன எடுங்க" என்றேன். "நீங்க பாருங்க டைமு."

"எனக்கென்ன கண்ணு தெரியும் இதுல?"

"கிளம்பறப்ப ஒரு தடவ அழுத்துங்க, அந்த வெள்ளக் கம்பத்தத் தாண்டறப்ப ஒரு தடவ. அவ்வளவுதான்."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அண்ணி அவனைப் பார்க்காமல் ரோட்டின் ஓரத்துக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து நின்றார்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் கால் யோசித்தது. திரும்பி வந்து ஜன்னலை இறக்கினேன். அண்ணி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜனவரியில் வந்த நேரத்தை நான் சொல்லியிருந்தேன், அதனால் அவருக்குத் தெரியும். நல்ல வார்த்தை ஒன்றைத்தான் தேடுகிறார் என்று தெரிந்தது.

"மெதுவாத்தான் ஓட்டியிருக்கே ஜீவி" என்றார். "முக்கா செகண்டு எச்சா ஆயிருக்குது."

ஒன்றரை மாதத்தில் நான் ஓட்டுவதைப் பற்றி அந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் உண்மை அது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து நன்றாக அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

"அழிச்சுட்டுப் புதுசா வையுங்ண்ணி" என்றேன். "இன்னொருக்கா ஓட்டறேன்."